தேகப்பயிற்சியும் ஜீவனமும்

சென்ற பருவத்தின் இறுதியில், வகுப்புக்கள் கலைந்த பிற்பகலொன்றில், மண்ணாடிப்பட்டிலிருந்து நாடோறும் கல்லூரிக்கு வந்து செல்லும் மாணவர் ஒருவர் எம் அறைவாயிலில் நெடுநேரம் நின்றார். உள்ளே வருமாறு பணித்தோம். வந்தமர்ந்தவர், “ஐயா, பட்டம் பெற்றபின் தேகப்பயிற்சியாளனாகப் போகலாமென்று எண்ணுகின்றேன். வீட்டில் ஒருவர்க்கும் உடன்பாடில்லை. அந்த வேலையைக் கொண்டு ஒருவன் குடும்பம் நடத்த முடியுமா?” என்று வினவினார். வழக்கறிஞர் தொழிலைப் பற்றியோ ஆசிரியத் தொழிலைப் பற்றியோ கேட்டிருப்பாராயின் உடனே விடை கூறியிருப்போம். இக்கேள்விக்கு எம்மிடம் விடையில்லை. ஒரு திங்கள் தவணை கேட்டுக்கொண்டு, நூல்களைப் புரட்டியும், அத்தொழிலில் இருக்கும் பழைய மாணவர் சிலரை வினவியும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகின்றோம். அவரைப் போல் வாய்திறவாமல் இதனையே எண்ணிக்கொண்டிருப்பவர் வேறு சிலரும் நம்முள் இருத்தல் கூடும்.

மண்ணாடிப்பட்டை அறியாத நண்பர்க்கு ஒரு சொல். புதுச்சேரியின் நாட்டுப்புறக் கொம்யூன்களுள் அஃதொன்று. நகரின் மேற்கே, விழுப்புரம் மாவட்டத்து ஊர்கள் இடையிடையே ஊடுருவி நிற்க, துண்டு துண்டாய்க் கிடப்பது. பிரெஞ்சுக்காரர் காலத்து எல்லைக் கோடுகள் அப்படி. 1954-இல் ஆட்சி கைமாறிய பின்னரும் கோடுகள் மாறவில்லை. நெல்லும் கரும்பும் விளையும் பூமி. மாலையில் பிள்ளைகள் சடுகுடு ஆடுவதும், முதியவர் சிலர் சிலம்பம் பயிற்றுவதும் அப்பக்கத்துக் கிராமங்களுக்குப் புதியனவல்ல. ஆனால் காசு வாங்கிக்கொண்டு ஒருவர் உடலை மற்றொருவர் பேணிப் பயிற்றுவது ஒரு தொழிலாகும் என்ற எண்ணம் அங்கே புதிது. அம்மாணவரின் தந்தையார், “கரும்பு வெட்டினால் ஆகாத உடம்பா, கூடத்தில் இரும்பு தூக்கினால் ஆகிவிடும்?” என்றாராம். நகையாடி விடத்தக்க கேள்வியன்று அது. பின்னர் அதற்கு வருவோம்.

தேகப்பயிற்சி கற்பிப்போர் நம் நாட்டில் என்றும் இருந்தனர். தாலிம்கானா என்று பெயர் பெற்ற பயிற்சிக்கூடங்களில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, மல்யுத்தம் முதலியவற்றை வாத்தியார்கள் கற்பித்தனர். அவர்கட்குக் கிடைத்தது தட்சிணையும் மரியாதையும். மாதச் சம்பளம் அன்று. இவ்வித்தை கல்லூரிப் படிப்பாக மாறியது 1920-ஆம் ஆண்டிலேயாம். ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் அவ்வாண்டில் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியை விரல்விட்டு எண்ணத்தக்க மாணாக்கருடன் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுவே. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்திற்குச் சென்ற இந்தியக் குழுவினரை உடன் அழைத்துச் சென்றவரும் பக் அவர்களே. அவர் 1943-இல் இயற்கை எய்தினார். நம் பாட்டனார் ‘டிரில் மாஸ்டர்’ என்றழைத்தவர்களுள் பலர் அவர் நட்ட மரத்தின் கிளைகள்.

ஆனால் டிரில் மாஸ்டர் வேறு, நம் மாணவர் கூறும் பயிற்சியாளர் வேறு. முன்னவர் நாற்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒரே கட்டளையால் இயக்குபவர்; அவர்க்குப் பள்ளிக்கூடமும் சம்பளமும் உண்டு. பின்னவர் ஒருவர்க்கு ஒருவராய் நின்று, அவ்வொருவரின் வயது, நோய், தொழில், தூக்கம், உணவு ஆகியவற்றை அறிந்து பயிற்றுபவர். இத்தகையோர் தென்னாட்டில் முன்னமே இருந்தனர். பெங்களூரில் வியாயாமசாலை நடத்திய கே. வி. ஐயர் (1897–1980) அவர்களுள் தலையானவர். நேரில் வருவோர்க்குக் கூடத்திலும், தொலைவிலிருந்தோர்க்கு அஞ்சல் வழியாகவும் பாடம் நடத்தினார். மைசூர் மகாராஜா இவரிடம் பயிற்சி பெற்றார். இவரே கன்னடத்தில் ‘சாந்தலா’ என்னும் நாவல் எழுதிய ஆசிரியர் என்பதை அறிந்தபோது எமக்குப் பெருவியப்பு உண்டாயிற்று. தேகப்பயிற்சிக்காரர்க்கு ஏட்டறிவு ஆகாது என்று எண்ணுவோர் இதனைச் சற்றே நினைவிற் கொள்க.

மற்றொருவர் பி. கே. எஸ். ஐயங்கார். 1918-இல், விஷக்காய்ச்சல் உலகெங்கும் பரவியிருந்த காலத்தில், கோலார்ப் பக்கத்துப் பெல்லூரில் பிறந்து, இளமையில் காசம், மலேரியா, டைபாய்டு என ஒன்றன்பின் ஒன்றாக நோயுற்று மெலிந்து கிடந்தவர். தமக்கை கணவராகிய கிருஷ்ணமாசாரியாரிடம் மைசூரில் யோகாசனம் கற்று, 1937-இல் ஆசிரியராகப் பூனாவுக்கு அனுப்பப்பட்டார். 1952-இல் பம்பாயில் பிடில் வித்துவான் யெகூதி மெனுகின் இவர்க்கு ஐந்தே நிமிடம் பேட்டி தந்தார். அப்பேட்டி மூன்று மணி நேரத்திற்கு மேல் நீண்டது. மெனுகின் அழைப்பின்பேரில் 1954-இல் ஐரோப்பா சென்றார். அவர் பெயர் உலகெங்கும் பரவ வழி திறந்தது இவ்வாறே.

இவ்வரலாற்றில் யாம் கருதுவது புகழன்று. தம் உடம்பு இயற்கையில் வலியதாயிருந்த காரணத்தால் ஐயங்கார் ஆசிரியராகவில்லை. மெலிந்த உடம்பு எங்கே வலிக்கும், எங்கே அஞ்சும், எப்போது இணங்கும் என்பதைத் தாமே பட்டறிந்தமையால், பிடில் வாசித்து வாசித்து இறுகிப்போன தோளை நோக்கியவுடன் அவர்க்கு வழி புலப்பட்டது. நம் இளைஞர் பெரும்பாலோர் இதனைத் தலைகீழாகக் கருதுகின்றனர். கண்ணாடிமுன் நின்று தம் புயத்தை அளந்து, அது பெருத்தவுடன், “யானும் பயிற்சியாளன்” என்கின்றனர். தம் உடம்பை வளர்த்தவன் ஓர் உடம்பை அறிந்தவன். அதுவும் இருபது வயது உடம்பு, நோயற்ற உடம்பு. காசு கொடுத்துக் கற்க வருவோரோ பெரும்பாலும் அத்தகையோர் அல்லர்.

இனி, அறியவேண்டியது யாது? தேகப்பயிற்சி நூல்களின் முதற்பாடம், சுமையைச் சிறுகச் சிறுக ஏற்றுதல் என்பது. கன்றை நாடோறும் தோளில் தூக்கி, அது காளையான பின்னும் தூக்கினான் என்று கிரேக்க வீரன் மைலோவைப் பற்றி ஒரு கதை உண்டு. கதையை அளவுகோலாக்கியவர் தாமஸ் டிலார்ம் என்னும் அமெரிக்க இராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் முழங்கால் முறிந்து வந்த வீரர்கட்குச் சிக்காகோ மருத்துவமனையில் சிகிச்சை செய்த அவர், இலேசான அசைவுகளைப் பன்முறை செய்விக்கும் பழைய முறையை விட்டு, கனமான சுமையைச் சிலமுறையே தூக்கச் செய்து, வாரந்தோறும் கனத்தைக் கூட்டினார். அதனை 1945-இல் வெளியிட்டார். ஒருவர் தொடர்ந்து 10 முறை மட்டும் தூக்கவல்ல சுமையை முதலிற் கண்டறிக. அதன் பாதியை 10 முறை, முக்காற் பங்கை 10 முறை, முழுதையும் 10 முறை தூக்கச் செய்க என்பது அவர் பின்னர் வகுத்த முறை. இன்றும் பயிற்சிக் கூடங்களில், ஏனென்று அறியாமலே பலர் “மூன்று செட், பத்து பத்து” என்று சொல்வது இம்முறையின் எதிரொலியே.

ஏற்றுதலை அறிந்தோர் பலர். நிறுத்துதலை அறிந்தோர் சிலர். பழக்கமில்லாத ஒருவனை முதல் நாளிலேயே நூற்றுக்கணக்கில் பஸ்கி போடச் செய்தால் தசைநார் சிதைந்து, அதன் உட்பொருள் இரத்தத்திற் கலந்து, சிறுநீர் கடுந்தேநீர் போலக் கறுத்து, சிறுநீரகமே செயலிழத்தல் கூடும். இரத்த அழுத்தம் மிக்கவர் மூச்சை அடக்கிக்கொண்டு பாரந் தூக்கினால் அழுத்தம் திடீரென ஏறும்; ஆதலின் தூக்கும்போது மூச்சை வெளியே விடக் கற்பித்தல் வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலின் கொள்வோர்க்குப் பயிற்சியின் நடுவே சர்க்கரை மிகத் தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வரலாம். பையில் சர்க்கரைப் பொட்டலம் இல்லாத பயிற்சியாளரை யாம் பயிற்சியாளர் என்று சொல்லோம். அந்நோயாளர் சிலர்க்குப் பாதம் உணர்விழந்திருக்கும். செருப்பினுள் கிடக்கும் கல்லை அவர் அறியார். மாலையில் புண்ணைக் கண்டு திகைப்பர். மார்பில் இறுக்கம் தோன்றி இடக்கைக்கோ தாடைக்கோ பரவுமாயின், அது பயிற்சிக் களைப்பன்று. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. சித்திரை வைகாசி வெயிலில் புதுச்சேரிக் கடற்காற்றின் ஈரம் வியர்வையை உலரவிடாது. அக்காலத்தில் ஓட்டத்தைக் குறைப்பதும் கல்வியே. முதல் நாளில் இரும்பைத் தொடுமுன் அரைமணி நேரம் உட்கார்ந்து, நோய், மருந்து, முன் பட்ட காயம், வீட்டார் நோய் வரலாறு இவற்றைக் கேட்டெழுதும் பயிற்சியாளரிடமே ஒருவர் தம் உடலை ஒப்புவிக்கலாம் என்பது எம் துணிபு.

இங்கே ஒரு குறையையும் சொல்லவேண்டும். மருத்துவர்க்கும் வழக்கறிஞர்க்கும் உள்ளது போன்ற சட்டவழிப் பதிவு இத்தொழிலுக்கு நம் நாட்டில் இல்லை. யாவரும் தம்மைப் பயிற்சியாளர் என்று சொல்லிக்கொள்ளலாம். இது கற்றவர்க்கும் கல்லாதவர்க்கும் ஒரே விலை தரும் சந்தை. சிலபோது கல்லாதவர்க்கே கூடுதல் விலை, அவர் புயம் பெரிதாயிருந்தால். அப்புயம் எவ்வாறு பெருத்தது என்று கேட்பாரில்லை. ஆண்மைச் சுரப்பைப் போன்ற செயற்கை மருந்துகளை ஊசியாலும் மாத்திரையாலும் கொண்டு சில திங்களில் தசையைப் பெருக்குவோர் உளர். இதயம் தடித்தல், ஈரல் கெடுதல், விதை சுருங்கி மகப்பேறு தடைப்படல் ஆகியவை அதன் விலை. 1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் ஓட்டத்தில் முதல்வனாய் வந்த பென் ஜான்சன் இத்தகைய மருந்தினாலேயே பதக்கத்தை இழந்தான். பந்தயத்திலேனும் பரிசோதனை உண்டு. தெருமுனைக் கூடத்தில் அதுவும் இல்லை. எம் பழைய மாணவர் ஒருவர், தாம் வேலை பார்த்த கூடமொன்றில் மாவு டப்பாக்களையும் பெயரற்ற மாத்திரைகளையும் விற்றால்தான் சம்பளம் முழுமையாகக் கிடைக்கும் என்று கூறப்பட்டதாகவும், நான்காம் மாதத்தில் அவ்வேலையை விட்டதாகவும் எம்மிடம் சொன்னார். விட்டதற்காக அவரைப் புகழ்ந்தோம். அவர் சிரித்து, “ஐயா, அடுத்த இரண்டு மாதம் வீட்டு வாடகைக்குக் கடன் வாங்கினேன்” என்றார். புகழ்வது எமக்கு எளிதாயிருந்தது.

வருவாய்க் கணக்கைச் சற்று நோக்குவோம். கற்க வருவோர்க்குத் தம் உத்தியோகத்திற்கு முன்னும் பின்னுமே ஓய்வு. ஆகவே பயிற்சியாளரின் நாள் விடியற்காலை 5 மணிக்குத் தொடங்கி, நடுவே வெறுமையாகி, மீண்டும் மாலை 5 மணிக்கு உயிர்பெறும். காலையில் 3 பேர், மாலையில் 3 பேர், ஒருநாள் விட்டு ஒருநாள் என்று வைத்துக்கொண்டால் ஒருவரால் 12 பேரை ஏற்க முடியும். ஒருவர்க்கு மாதம் 12 அமர்வாக 144 அமர்வுகள். கூடத்தின் வழியாக வருவோராயின் கட்டணத்தில் ஒரு பங்கு கூடத்திற்குப் போகும். வீடு தேடிச் சென்று பயிற்றினால் முழுக் கட்டணமும் தமக்கே, ஆனால் வழிச் செலவும் தமதே. 12 பேரில் 3 பேர் நின்றுவிட்டால் வருவாயில் காற்பங்கு போயிற்று. ஆங்கிலப் புத்தாண்டில் சபதம் செய்து வருவோர் கோடைக்குள் கரைவதும், பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளின் பெற்றோர் வராமற் போவதும் இத்தொழிலின் பருவகாலங்கள். காய்ச்சலில் படுத்தால் ஊதியம் இல்லை. மண்ணாடிப்பட்டிலிருந்து நகரம் 20 கிலோமீட்டருக்கு மேல்; காலையும் மாலையும் போய்வருவதானால் பயிற்றும் நேரத்தில் பாதி சாலையிலே கழியும். இவற்றை யெல்லாம் அந்த மாணவரிடம் மறைக்காமல் சொன்னோம். அவர் முகம் வாடிற்று.

ஆயினும் மறுபுறமும் உண்டு. அதுவே யாம் எதிர்பாராமற் கண்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆதரவில் நாடு முழுதும் நடந்த நீரிழிவு ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர்க்கு நீரிழிவு என்றும், 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாயிலில் நிற்கின்றனர் என்றும் அது மதிப்பிட்டது. மாநிலவாரியாகப் பார்க்கையில் கோவா 26.4 விழுக்காடு, அடுத்து நிற்பது நம் புதுச்சேரி, 26.3 விழுக்காடு. வயது வந்தோர் நால்வரில் ஒருவர்க்கு மேல் என்பது அதன் பொருள். உலகச் சுகாதார நிறுவனமோ, வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் நடை போன்ற மிதமான பயிற்சியும், இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்யவேண்டும் என்று 2020-இல் வகுத்துரைத்தது. மருத்துவர் சீட்டில் “நடக்கவும்” என்று ஒரு சொல் எழுதுகின்றார். எப்படி, எவ்வளவு, முழங்கால் வலித்தால் என்செய்வது, மழை பெய்தால் எங்கே என்று சொல்ல ஆளில்லை. அந்த இடைவெளியே பயிற்சியாளரின் நிலம்.

தந்தையார் கேட்ட கேள்விக்கும் விடை இங்கேயே உளது. 1953-இல் ஜெரி மாரிஸ் என்பாரும் அவர்தம் துணைவரும் இலண்டன் மாடிப் பேருந்து ஊழியரை ஆராய்ந்தனர். ஒரே வண்டியில், ஒரே தெருவில் செல்வோர் இருவர்: டிரைவர் உட்கார்ந்தே இருப்பவர், கண்டக்டர் நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குபவர். கண்டக்டர்களிடையே மாரடைப்பு குறைவாகவே காணப்பட்டது. உழைக்கும் உடம்புக்கு உழைப்பே பயிற்சி என்று தந்தையார் கூறியதில் உண்மை உண்டு. ஆனால் கரும்பை அவரே வெட்டிய காலம் போயிற்று என்பதையும் மாணவரே எமக்குச் சொன்னார். இப்போது ஆட்கள் வெட்டுகின்றனர். தந்தையார் வரப்பில் நாற்காலி போட்டிருக்கின்றார். நாலாண்டாய் நீரிழிவுக்கு மாத்திரை உண்கின்றார். கரும்பு விளைவிப்போர்க்குச் சர்க்கரை நோய் என்பது கசப்பான விளையாட்டே.

முதியோரும் பெண்டிரும் தேகப்பயிற்சி செய்வது நம் மண்ணுக்கு ஒவ்வாதது என்பாரும் உளர். புதுச்சேரியிலேயே ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் 1940-களிலிருந்து சிறுவர், மகளிர், முதியோர் யாவரும் பயிற்சி செய்து வருகின்றனர். 1949 பிப்ரவரியில் தேகப்பயிற்சிக்கென்றே அங்கு ஒரு பத்திரிகையும் தொடங்கப்பட்டது. அவ்வழக்கத்தில் நூற்றிலொரு பங்கு நாட்டுப்புறக் கொம்யூன்களுக்கு வந்தாலும் பலர்க்கு வேலை உண்டு. நம் கல்லூரிப் பெண்மக்கட்கு இதில் தனியிடம் இருக்கின்றது. வீட்டிலுள்ள தாய்மார் ஆடவரிடம் பயில நாணுவர். பெண் பயிற்சியாளர் வருவாராயின் கதவு திறக்கும்.

கல்விக்கு வழிகள் பல. பட்டம் பெற்றோர்க்கு ஈராண்டு பி.பி.எட். படிப்பு உண்டு, பள்ளி உடற்கல்வியாசிரியர் பதவிக்கு அதுவே வாயில். சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியும், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் உள்ளன. புதுவைப் பல்கலைக்கழகத்திலும் உடற்கல்வித் துறை உண்டு. ஏதேனும் ஒரு விளையாட்டில் வீரரைத் தயாரிக்க விரும்புவோர் 1961-இல் தொடங்கிய பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தை நாடுவர். சில வாரத்திலேயே சான்றிதழ் தரும் தனியார் வகுப்புக்களும் ஏராளம். அவற்றுள் சில நல்லவை. காசைப் பெற்றுக் காகிதம் தருவனவும் உள. எம் கருத்தில், பி.பி.எட். படித்து வைத்துக்கொண்டு தனிப் பயிற்சியில் இறங்குபவரே அச்சமின்றி இருப்பர்; பள்ளி வேலை என்னும் இரண்டாம் கயிறு அவர் கையில் இருக்கும். நடுப்பகலின் வெறுமையான நேரம் உடற்கூறும் உணவு நூலும் கற்பதற்கு ஏற்றது. ஐம்பது வயதில் தாம் குனிந்து நிமிர்ந்து செய்துகாட்ட இயலாதபோது அவ்வறிவே சோறிடும்.

இவ்வளவும் கேட்ட மாணவர், “அப்படியாயின் யான் எங்கே தொடங்குவது, ஐயா?” என்றார். “தம்பி, உம் வீட்டு நாற்காலியில் தொடங்கும், ஆனால் முதலில் மருத்துவரைக் கேளும்” என்றோம். ஈதெல்லாம் நடந்து நான்கு திங்கள் ஆயின. சென்ற வாரம் அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எம்மிடம் காட்டினார். பக்கத்திற்கு ஒரு நாளாகக் கோடிட்டு, தந்தையார் நடந்த நிமிடம், நடக்குமுன்னும் பின்னும் நாடித்துடிப்பு, கால் பார்த்தது, காலை சர்க்கரை அளவு ஆகியவை எழுதப்பட்டிருந்தன. முதல் வாரத்தில் 10 நிமிடம், இப்போது 35. நடுவே ஒன்பது நாள் வெறும் பக்கங்கள், கேட்டோம். “மழையா?” “இல்லை ஐயா, சண்டை. அவர் நாற்காலியை விட்டு எழ மறுத்துவிட்டார்.” பத்தாம் நாள் தந்தையாரே விடியலில் எழுந்து செருப்பைத் தேடினாராம். பின்பக்கங்களில் வேறொரு கையெழுத்தில் இரண்டு பெயர்கள்: அண்டை வீட்டுக்காரர் ஒருவர், அவர்தம் மனைவியார். கட்டணம் என்ற கட்டத்தில் அவ்விருவர்க்கும் நேரே, “வாரம் ஒருபடி வேர்க்கடலை” என்று எழுதியிருந்தது.